நீங்கள் சொல்வது சரிதான். அவர் ஏன் ஏற்க மறுக்கிறார்?

கேள்வி: எனக்கு அம்மா இல்லை. பிரசவத்துக்குப் பிறகு என்னையும் குழந்தையையும் பார்த்துக்கொள்வது என் அத்தைதான், அதாவது மாமியார். பத்தியச் சாப்பாடு போடுவது, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது எல்லாம் அவர் கைதான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் குழந்தை பிறந்த அன்றே சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்தார். இப்போது குழந்தைக்கு இரண்டு மாதம். வெயிலுக்கு நாக்கு வறளும் என்று சங்கில் தண்ணீர் புகட்டுகிறார். வயிறு மந்தமாக இருந்தால் உரைமருந்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவுகிறார். நான் பி.பார்ம். படித்தவள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது, ஒரு வயது வரை தேன் ஆகவே ஆகாது என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். போன வாரம் நாத்தனார் வந்திருந்தபோது, குழந்தை மருத்துவர் ஒருவர் பேசிய வீடியோவை இருவருக்கும் போட்டுக் காட்டினேன். அத்தை பாதியிலேயே எழுந்து போய்விட்டார். "நாலு பெத்து மூணை வளத்தவ நான். நான் என்ன வெஷத்தையா ஊட்டுனேன்?" என்று அழுதார். அன்றிலிருந்து பேச்சில்லை. கணவர், "நீ சொல்றது சரிதான், சொன்ன விதம்தான் தப்பு" என்கிறார். சரியானதைச் சொல்ல விதம் வேறு வேண்டுமா?
– ஒரு மருமகள், தேனி மாவட்டம்

பதில்: மருத்துவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. தேனில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்கள் குடலில் அவை பொதுவாக முளைப்பதில்லை; ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். தேனைச் சூடாக்கினாலும் வித்து சாகாது. அரிதான நோய்தான், ஆனால் வந்தால் தசைகள் தளர்ந்து மூச்சு வரைக்கும் பாதிக்கும். குழந்தைக்கு மலச்சிக்கல் கண்டு, பால் குடிக்கும் வேகம் குறைந்து, அழுகைச் சத்தம் மெலிந்தால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தண்ணீரும் வேண்டாம், தாய்ப்பாலில் நூற்றுக்கு 87, 88 பங்கு தண்ணீர்தான். ஆக, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி.

இனி அத்தை. "நாலு பெத்து மூணை வளத்தவ" என்றார் அல்லவா? உங்கள் கடிதத்தில் நான் அந்த வரியைத் தாண்டிப் போக முடியாமல் நின்றேன். ஒரு பிள்ளை தங்கவில்லை. எதனால் போனது என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்; அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். அந்த வீடியோ ஓடும்போது அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும்? தேன் ஆகாது என்பது உங்களுக்கு ஒரு பாடம், கல்லூரியில் படித்தது. அவர் அதை ஏற்றுக்கொண்டால், தன் கையால் ஊட்டிய ஒவ்வொரு சங்கும் கண்முன் வந்து நிற்கும். பக்கத்தில் மகள் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கும் ஊட்டியதுதான். எழுந்து போவதைத் தவிர அவர் வேறென்ன செய்திருக்க முடியும்?

நாம் சொல்வது சரியென்று ஒப்புக்கொள்ள எதிரே இருப்பவர் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. கொடுப்பது நாம் இல்லையே, அதனால் அது நம் கண்ணில் படுவதில்லை. "இவ்வளவு எளிய விஷயம் ஏன் புரியவில்லை?" என்று நாம் குரலை உயர்த்துகிறோம். அவருக்கு எப்போதோ புரிந்துவிட்டது, விலைதான் கட்டுப்படியாகவில்லை.

பிரசவ அறையிலிருந்தே இதற்கு ஒரு கொடிய சான்று உண்டு. 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், மற்றதில் மருத்துவச்சிகள். மாணவர்கள் பிரிவில் பத்தில் ஒரு தாய் என்ற அளவுக்குப் பிரசவக் காய்ச்சலில் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பிரிவில் அதில் பாதிக்கும் குறைவு. இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் காரணத்தைக் கண்டுபிடித்தார். பிணப் பரிசோதனை செய்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்க்க வந்தார்கள். 1847 மே மாதம் குளோரின் கரைசலில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூன், ஜூலையில் இரண்டு, ஒன்று என்று விழுந்தது.

இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டுமா? ஆனாலும் ஐரோப்பாவின் பெரிய மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. காரணங்கள் பல. கிருமிகளைப் பற்றிய அறிவு அப்போது இல்லை. அவரும் பல ஆண்டுகள் எதையும் முறையாக எழுதி வெளியிடவில்லை. இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்று கிடந்தது. அவர் சொன்னதை ஏற்பது, "இத்தனை காலம் இந்தத் தாய்மார்களைக் கொன்றது என் கை" என்று ஏற்பது. கீல் நகரத்தில் குஸ்தாவ் மிகேலிஸ் என்ற மகப்பேறு மருத்துவர் மனமார ஏற்றார், தன் மருத்துவமனையில் குளோரினையும் கொண்டுவந்தார். அதற்குச் சற்று முன்புதான் அவர் பார்த்த அவருடைய உறவுப் பெண் ஒருத்தி அதே காய்ச்சலில் இறந்திருந்தாள். அந்தக் குற்ற உணர்விலிருந்து மீள முடியாமல் 1848-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். செம்மல்வைஸோ ஏற்காதவர்களைப் பார்த்துப் பொறுமை இழந்தார். 1861-இல் எதிராளிகளுக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுதி அவர்களைக் கொலைகாரர்கள் என்றே அழைத்தார். கை கழுவும் விஷயத்தில் அவர் பக்கம் துளியும் பிழையில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்த ஒருவர் மறுநாள் கை கழுவ ஆரம்பித்தால், தன்னைக் கொலைகாரன் என்று தானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். 1865-இல், 47 வயதில், மனநலக் காப்பகத்தில் அவர் இறந்தார். அவர் பேச்சு கேட்கப்படாத ஆண்டுகளில் இறந்த தாய்மார்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

உங்கள் வீட்டில் அந்த விலையைக் குறைக்க வழி இருக்கிறது. அதுவும் பொய் சொல்லாமலே. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இப்படி ஒரு நோய் வரும் என்பதே 1976-இல்தான் மருத்துவ உலகத்துக்குத் தெரியவந்தது. தேனுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு அதற்குப் பிறகு. ஆறு மாதம் முழுக்கத் தாய்ப்பால் மட்டும் என்ற அறிவுரையும் பழையது இல்லை. 2001 வரை உலக சுகாதார நிறுவனமே நான்கு முதல் ஆறு மாதம் வரை என்றுதான் சொல்லிவந்தது. அத்தை பிள்ளை வளர்த்த காலத்தில் டாக்டர்களிலேயே பலர் வேறு மாதிரிதான் சொன்னார்கள். இதை அவரிடம் சொல்லுங்கள். "அத்தை, நீங்க வளத்தப்போ டாக்டருங்கள்ல பல பேருக்கே இது சரியாத் தெரியாது. நமக்கெப்படித் தெரியும்? இப்பத்தான் எல்லாரும் அழுத்திச் சொல்றாங்க" என்று ஆரம்பித்தால், நேற்று வரை செய்ததற்குத் தீர்ப்பு எழுதாமலே நாளைக் காலையிலிருந்து வேறு மாதிரி செய்ய அவருக்கு இடம் கிடைக்கிறது.

நாத்தனார் இல்லாதபோது, கணவர் இல்லாதபோது, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். மகளுக்கு முன்னால் தாயைத் திருத்தியதுதான் நீங்கள் செய்த காரியங்களில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள். தேன் விஷயத்துக்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம், அது கலந்துவிட்டால் நீங்கள் சொன்னதும் கரைந்துபோகும்.

அவர் கவலைகளையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வெயிலுக்குப் பிள்ளை வாடும் என்பது நியாயமான கவலை. அதற்கு மருந்து, நீங்கள் அடிக்கடி பால் கொடுப்பதும், தாகம் எடுக்காமல் தண்ணீர் குடிப்பதும். தண்ணீர்ச் செம்பை உங்கள் கையில் கொடுக்கும் பொறுப்பை அவரிடம் விடுங்கள். வயிறு மந்தம் என்றால் பால் குடித்ததும் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விடச் செய்வதில் அவரைவிடக் கைதேர்ந்தவர் வீட்டில் யார்? உரைமருந்தைப் பற்றி மட்டும் நீங்கள் இருவரும் நேரில் போய்க் குழந்தை மருத்துவரிடமோ, வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடமோ கேளுங்கள். கேள்வியை அத்தையே கேட்கட்டும். நீங்கள் சொன்ன அதே பதில் அங்கே வரும்போது, நீங்கள் ஜெயித்ததாக இல்லாமல் அவர் விசாரித்துத் தெரிந்துகொண்டதாக இருக்கும். "நான்தான் சொன்னேனே" என்ற பார்வைகூட அப்போது வேண்டாம்.

அந்த நாலாவது பிள்ளையைப் பற்றி ஒருநாள் கேளுங்கள். தேனைப் பற்றிய பேச்சோடு சேர்த்து வேண்டாம். தனியாக, அந்தப் பிள்ளைக்காக மட்டும் கேளுங்கள்.

இதற்கெல்லாம் சில நாள் பிடிக்கும். அதற்குள் நாளைக் காலை மறுபடி தேன் கிண்ணத்தோடு வந்தால்? கையைப் பிடித்து, "வேண்டாம் அத்தை" என்று தெளிவாகச் சொல்லித் தடுத்துவிடுங்கள். அவர் கோபம் குழந்தையின் உயிரைவிடப் பெரிதில்லை. கோபித்தால் சாயங்காலம் சமாதானம் பேசிக்கொள்ளலாம்.


கேள்வி: டிப்ளமோ சிவில் முடித்து, ஒரு சின்ன பில்டரிடம் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். எங்கள் மேஸ்திரிக்கு என் அப்பா வயது. தளம் போடும்போது கலவை இறுகலாக இருக்கிறது என்று மிக்சரில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார். தண்ணீர் கூடினால் கான்கிரீட் பலம் குறையும் என்றால், "புக்குல படிச்சது வேற, தளம் வேற தம்பி. நான் போட்ட தளம் எதாச்சும் இறங்கியிருக்கா, காட்டு" என்கிறார். சித்தாள்கள் சிரிக்கிறார்கள். எதிர்த்துப் பேசினால் மறுநாள் ஆள் வர மாட்டார்கள். பேசாமல் இருந்தால் வீடு வாங்குகிறவருக்குத் துரோகம்.
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, தண்ணீர் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் சரி. ஆனால் மேஸ்திரி சொல்வதிலும் இரண்டு உண்மைகள் இருக்கின்றன, அவற்றை நீங்கள் இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

முதல் உண்மை, இறுகலான கலவை கம்பிகளுக்கு இடையில் இறங்காது. சென்ட்ரிங்கைப் பிரித்தால் அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக நிற்கும், கம்பி துரு ஏறும், பில்டர் முதலில் திட்டுவது மேஸ்திரியைத்தான். அவர் தண்ணீர் ஊற்றுவது அறியாமையால் மட்டும் அன்று. கண்ணெதிரே இருக்கிற ஒரு சிக்கலைத் தன் கையிலுள்ள ஒரே வழியில் தீர்க்கிறார். நீங்கள் அந்த வழியைத் தப்பு என்றீர்கள், சிக்கலை அவர் தலையிலேயே விட்டுவிட்டீர்கள்.

இரண்டாவது, அவர் போட்ட தளம் எதுவும் இறங்கவில்லை என்பதும் உண்மையாகவே இருக்கும். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். ஐ.எஸ். 456 விதிப்படி வடிவமைக்கும்போது கான்கிரீட்டின் பலத்தை 1.5 என்ற பாதுகாப்புக் காரணியால் வகுத்துத்தான் கணக்குப் போடுகிறோம். அவர் தளங்கள் அந்தக் கையிருப்பைத் தின்றுகொண்டு நிற்கின்றன. பத்து பதினைந்து வருடத்தில் சீலிங் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும்போது மேஸ்திரி அங்கே இருக்க மாட்டார், அதனால் அவர் அனுபவத்தில் அது சேரவே இல்லை. அனுபவம் பொய் சொல்வதில்லை. ஆனால் வேலை முடிந்து போனவருக்கு அது பாதிக் கதையைத்தான் காட்டுகிறது.

ஆகவே தளம் போடுகிற நாளில் பேசாதீர்கள். இரண்டு நாள் முன்னதாக, டீ குடிக்கும்போது, "அண்ணே, தண்ணியைக் குறைச்சா கலவை இறங்க மாட்டேங்குது, நீங்க சொல்றது நியாயம்தான். அதுக்கு ஒரு மருந்து இருக்கு, போட்டுப் பாக்கலாமா?" என்று தொடங்குங்கள். சூப்பர் பிளாஸ்டிசைசர் கலந்தால் தண்ணீரைக் கூட்டாமலே கலவை இளகும் என்பதை ஒரு சின்னக் கலவையில் அவர் கையாலேயே செய்து பார்க்கட்டும். நீர்-சிமெண்ட் விகிதம் 0.5 என்றால் 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர். அதிலும் மணலில் உள்ள ஈரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். இதை அவரிடம் விகிதமாகச் சொல்லாதீர்கள். அளவு போட்ட வாளியைக் கொடுத்து, மூட்டைக்கு இத்தனை வாளி என்று சொல்லுங்கள். வைப்ரேட்டர் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை.

பிறகு கியூப் போடுங்கள். 150 மில்லிமீட்டர் அச்சில் அவர் வழக்கமாகக் கலக்கும் கலவையில் மூன்று, அளந்து கலந்ததில் மூன்று. ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் பார்க்க வேண்டுமானால் இரட்டிப்பாக. நீங்கள் மட்டும் ஆய்வகத்துக்குப் போய் ரிப்போர்ட்டோடு திரும்பினால் அது உங்கள் காகிதம். அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். மெஷினில் வைத்து நசுக்கும்போது முள் எதில் முன்னதாக நிற்கிறது என்று அவர் கண்ணால் பார்க்கட்டும். அந்த இடத்தில் நீங்கள் எதையும் விளக்க வேண்டாம். அடுத்த சைட்டில் கூலியாட்களுக்கு அவரே விளக்குவார், தானே கண்டுபிடித்தது போலக்கூடச் சொல்வார். சொல்லட்டும். உங்களுக்கு வேண்டியது நல்ல தளம்.

இதெல்லாம் நேரம் இருக்கும்போது. கலவை இறங்கிக்கொண்டே இருக்கிறது, குடம் தூக்கியாகிவிட்டது என்றால் நயமாகச் சாடை சொல்லிக்கொண்டிருக்க முடியாது. விமானத் துறை இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில், பனிமூட்டத்தில், ஓடுபாதையிலேயே கே.எல்.எம். விமானமும் பான் ஆம் விமானமும் மோதி 583 பேர் இறந்தார்கள். கே.எல்.எம். விமானம் வேகமெடுக்கும்போதே அதிலிருந்த விமானப் பொறியாளருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எதிரே இருக்கும் விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். கேள்வியாகத்தான் கேட்டார். அந்த நிறுவனத்தில் பிற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்துவந்த மூத்த கேப்டன், விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டு ஓட்டினார். பொறியாளர் மறுபடி பேசவில்லை.

அதன்பின் 1979-இல் நாசா கூட்டிய பயிலரங்கில் இதை ஆராய்ந்தார்கள், 1981-இல் யுனைடெட் நிறுவனம் விமானக் குழுவினருக்குப் பயிற்சியே தொடங்கியது. அதில் கீழே உள்ளவர் மேலே உள்ளவரிடம் பேசுவதற்கு ஒரு வரிசை சொல்லித் தருகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடு, உன் கவலையைச் சொல், காரணத்தைச் சொல், என்ன செய்யலாம் என்று சொல், சம்மதத்தைக் கேட்டு வாங்கு. உங்கள் சைட்டில் அது இப்படி இருக்கும்: "அண்ணே, ஒரு நிமிஷம். எனக்குப் பயமா இருக்கு. கலவை ரொம்பத் தண்ணியாப் போகுது, பீம் பலம் வராது. மிக்சரை நிறுத்திட்டு இந்த லோடை மட்டும் ஒதுக்கிருவோம். சரியாண்ணே?" இதில் மரியாதைக்குக் குறைவில்லை, யாரையும் முட்டாள் என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டியதில் ஒன்றையும் விழுங்கவும் இல்லை. பதில் வரும்வரை அங்கிருந்து நகராதீர்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் பில்டரைக் கூப்பிடுவதே உங்கள் கடமை. அவரும் கண்டுகொள்ளாவிட்டால் எழுத்தில் கொடுங்கள்.


கேள்வி: உண்மையை உடைத்துச் சொல்வதே நேர்மை என்று நாற்பதாண்டுகள் மாணவர்களுக்குப் போதித்தவன் நான். மனம் கோணாமல் சொல்லுங்கள், முகம் வாடாமல் சொல்லுங்கள் என்று சொல்லிச் சொல்லி நீங்களெல்லாம் கோழைகளை உருவாக்குகிறீர்கள். தவறு தவறுதானே?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, உங்கள் கவலையில் பாதியை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். 1990 ஜனவரியில் கொலம்பியாவிலிருந்து நியூயார்க்குக்கு வந்த அவியாங்கா விமானம், நெரிசலால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வானில் வட்டமடித்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. விமானிகள் தரைக்குத் தகவல் சொன்னார்கள், முன்னுரிமை கேட்டார்கள். ஆனால் அவசரநிலை என்று கடைசிவரை அறிவிக்கவில்லை. விமானம் விழுந்து 73 பேர் மாண்டார்கள். மென்மையாகச் சொல்லப் போய்ச் சொல்ல வந்ததே மழுங்கிவிட்டால் அது பண்பாடு ஆகாது. இதில் நாம் இருவரும் ஒரே கட்சி.

இனி மற்றப் பாதி. நீங்கள் மாணவர்களுக்கு நன்னூல் நடத்தியிருப்பீர்கள். அதில் பவணந்தியார் நூலாசிரியருக்குரிய ஏழு மதங்களை, அதாவது கொள்கைகளை, வரிசைப்படுத்தும்போது முதலில் நிறுத்துவது உடன்படுதலை. மறுத்தல் அடுத்தது. மூன்றாவதாக வருவதைத்தான் உங்கள் பார்வைக்கு வைக்க விரும்புகிறேன்: பிறர் கொள்கையை முதலில் தான் ஏற்றுக்கொண்டு, பிறகு அதைக் களைவது. மற்றவர் நூலின் குற்றம் காட்டுவதற்கும் அதே பட்டியலில் இடம் இருக்கிறது, ஆனால் அது ஆறாவதாக வருகிறது. வரிசைக்கு ஆசிரியர் உயர்வு தாழ்வு கருதினாரா என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். எதிராளியின் கருத்தை அவரே மெச்சும்படி எடுத்துச் சொல்லிவிட்டு, பிறகு அது எங்கே நிற்கவில்லை என்று காட்டுவதற்கு உடைத்துப் பேசுவதைவிட அதிகத் துணிவு வேண்டும் என்பது என் எண்ணம். அவர் தரப்பில் உண்மை இருந்துவிட்டால் நம்முடையதைக் கைவிட வேண்டிவருமே! அந்த ஆபத்துக்கு இணங்கித்தான் அதில் இறங்க முடியும். கோழைகளால் அது முடியாது, ஐயா.

நீங்கள் உடைத்துச் சொன்னபோது திருந்திய மாணவர்கள் பலர் இருப்பார்கள். அவர்கள் திருந்தியதற்கு, நீங்கள் தங்கள் பக்கம் நிற்கிறீர்கள் என்று முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்ததும் ஒரு காரணமாக இருக்கும்.


கேள்வி: மாதம் பத்து சதவீத வட்டி தருகிறோம் என்ற ஒரு நிறுவனத்தில் என் கணவர் மூன்று லட்சம் போட்டார். வேண்டாம், இது மோசடி என்று தலையால் அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. இப்போது ஆபீஸைப் பூட்டிவிட்டு ஓடிவிட்டார்கள். "நான் அப்பவே சொன்னேன்ல" என்றால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறார். நான் சொன்னது சரி என்று ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டால் என்ன?
– ஒரு வாசகி, சேலம் மாவட்டம்

பதில்: சகோதரி, அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். "நான் அப்பவே சொன்னேன்" என்று நீங்கள் சொல்லாதபோதும் உங்கள் குரலில் அதைக் கேட்டுக்கொண்டேதான் இருப்பார். தட்டைத் தள்ளுவது அதனால்தான். இன்னொரு முறை நீங்கள் சொல்வதால் அவருக்குப் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை.

உங்களுக்கும் ஆறுதல் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. பணம் உங்கள் குடும்பத்தினுடையது, எச்சரித்தும் நீங்கள் மதிக்கப்படவில்லை. அந்த வலியைச் சொல்லுங்கள். "பணம் போனதைவிட, நான் சொன்னதைக் காதுல வாங்கலையேன்னுதான் எனக்கு வேதனை" என்று ஒருமுறை, ஒரே முறை சொல்லுங்கள். அது குத்திக்காட்டுவது ஆகாது, அவர் பதில் சொல்லக்கூடிய பேச்சு அது. அவர் எதற்காகப் போட்டார் என்பதையும் மறந்துவிடாதீர்கள். பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ என்றுதான் போட்டிருப்பார்.

பிறகு வேலையில் இறங்குங்கள், தாமதம் வேண்டாம். ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டுப் புகார் கொடுக்காமல் இருப்பதுதான் இந்த மோசடிக்காரர்களின் பலம். தமிழ்நாட்டில் முதலீட்டாளர்களைப் பாதுகாக்க 1997-இல் இயற்றிய தனிச் சட்டம் இருக்கிறது. காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்து, நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, சிறப்பு நீதிமன்றம் வழியாக முதலீட்டாளர்களுக்குப் பிரித்துத் தர அதில் வழி உண்டு. முழுப் பணமும் வரும் என்று சொல்ல மாட்டேன், வழக்கும் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ஆனால் புகார் கொடுத்தவர் பட்டியலில் பெயர் இல்லாதவருக்குப் பணம் வந்து சேர்வது இன்னும் கடினம்.

ரசீது, ஒப்பந்தப் பத்திரம், பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், அந்த ஏஜெண்டோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து தேதி வாரியாக அடுக்குங்கள். ஏஜெண்ட் சொந்தக்காரராக இருந்தாலும் பெயரை விடாதீர்கள். புகாரை அவர் எழுதட்டும், யார் வந்து பேசினார்கள், என்ன சொன்னார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். எழுதியதை நீங்கள் பாஸ்புக்கோடு ஒத்துப் பாருங்கள். ஒரு தேதியையோ தொகையையோ மாற்றி எழுதியிருந்தால், பாஸ்புக்கைத் திறந்து அந்த வரியைக் காட்டுங்கள், அவரே திருத்திக்கொள்வார். பிரதி ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் மாவட்டத்துக்கான பொருளாதாரக் குற்றப்பிரிவு அலுவலகத்துக்கு இரண்டு பேருமே போங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.